குமமோட்டோக் கோட்டை கண்ட கியோமாசா

ஜப்பான் தேசத்துப் பெருந்தீவுகள் நான்கனுள் தென்மேற்கே கிடப்பது கியூஷூ. அத்தீவின் நடுவண், ஆசோ என்னும் எரிமலைக்கு மேற்கே, குமமோட்டோ என்னும் நகரம் உளது. நகரின் இடையே எழுந்த சிறு குன்றொன்றின்மேல், கரிய பலகைச் சுவரும் வெண்சுதை விளிம்பும் மாறிமாறித் தோன்ற நிற்கும் கோட்டையைக் காணாது அந்நகரை விட்டு மீள்வோர் இலர். அதனை எடுப்பித்தவர் கட்டோ கியோமாசா என்னும் படைத்தலைவர். அவர் இறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், குமமோட்டோ மக்கள் அவரை வீட்டு முதியோர் ஒருவரைச் சுட்டுவதுபோல அன்புப்பெயரிட்டு வழங்குகின்றனர். கடலுக்கு அப்பால் கொரியா நாட்டிலோ, அதே பெயர் இன்றும் கொடியோர் பெயர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இவ்விரு நினைவும் ஒரு மனிதரைப் பற்றியனவே; இரண்டுக்கும் சான்று உண்டு. அவருடைய வாழ்க்கையையும் கோட்டையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். ஒன்றைவிட்டு மற்றொன்று விளங்காது.

கியோமாசா 1562-ஆம் ஆண்டு ஓவாரி நாட்டு நாகாமுரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் பிற்காலத்தில் நகோயா மாநகரினுள் அடங்கிவிட்டது. தந்தையார் வாள் வடிக்கும் கொல்லர் என்பர். மகவு நடை பயிலும் பருவத்திலேயே அவர் இறந்தார். கைம்பெண்ணாய் நின்ற தாய்க்கு இருந்த செல்வம் ஓர் உறவுமுறை மட்டுமே. அதே ஊரில் எளிய குடியிற் பிறந்து, ஓடா நொபுநாகாவின் படையில் ஏவலாளாய்ச் சேர்ந்து, படிப்படியாய் உயர்ந்து வந்த டொயோடோமி ஹிடேயோஷிக்கு அவ்வம்மையார் தாய்வழிச் சுற்றம். அவ்வுறவைப் பற்றுக்கோடாகக் கொண்டு மகனை ஹிடேயோஷியின் இல்லத்தில் ஊழியத்திற்கு விடுத்தார். பிள்ளைக்கு அப்பொழுது தொரானோசுகே என்று பெயர். அப்பெயரின் முற்பகுதி புலியைக் குறிப்பது. பிற்காலத்தில் இவர் கொரியக் காட்டில் புலியைக் குத்திக் கொன்றார் என்று ஓவியங்களும் பொம்மைகளும் பரப்பிய கதைக்கு இப்பெயரும் ஒரு வித்தாயிருக்கலாம்.

1583-ஆம் ஆண்டு ஷிசுகடாக்கே என்னுமிடத்தில் ஹிடேயோஷிக்கும் ஷிபாடா கட்சுயியே என்பவருக்கும் போர் மூண்டது. நொபுநாகா கொல்லப்பட்டபின் நாட்டின் தலைமை யாருக்கு என்பதே அப்போரின் வினா. அன்று வேலேந்தி முன்சென்ற இளைஞர் எழுவருள் கியோமாசாவும் ஒருவர். ஷிசுகடாக்கேயின் ஏழு வேல்கள் என்று அவ்வெழுவரையும் நாடு போற்றிற்று. இவருக்கு 3,000 கோக்கு விளைவுள்ள நிலம் பரிசாகக் கிடைத்தது. கோக்கு என்பது ஒருவர் ஓராண்டு உண்ணப் போதிய அரிசியின் அளவு. அக்காலத்து ஜப்பானில் ஒரு தலைவரின் செல்வத்தையும், அவர் திரட்டக்கூடிய படையின் அளவையும் கோக்குக் கணக்காலேயே மதிப்பர்.

வேல்வீரர் என்ற புகழ் எங்கும் பரவினாலும், அடுத்த சில ஆண்டுகளில் இவர் செய்த வேலை பெரும்பாலும் கணக்கு வேலையே. தலைவரின் சொந்த நிலங்களை மேற்பார்ப்பது, நெல் திரட்டுவது, நில அளவைக்குச் செல்வது என இவ்வகைப் பணிகளே இவரைத் தேடி வந்தன. கோட்டை கட்டுவோருக்கு வாட்பயிற்சியினும் இப்பயிற்சியே மிகுதியும் வேண்டுவது. ஆயிரக்கணக்கானோர்க்கு நாள்தோறும் சோறிடவும், ஒரு கல் எங்கிருந்து எத்தனை நாளில் வந்து சேரும் என்று கணக்கிடவும் அறியாத வீரர் கட்டும் மதில் பாதியில் நின்றுபோம்.

1587-இல் கியூஷூ முழுவதும் ஹிடேயோஷியின் ஆணைக்கு உட்பட்டது. அதன் நடுப்பகுதியாகிய ஹிகோ நாட்டைப் பெற்ற சாசா நரிமாசா நில அளவையை அவசரமாகத் தொடங்க, உள்ளூர்த் தலைவர்கள் வெகுண்டு கலகம் விளைத்தனர். கலகம் அடங்கியபின் அவரைத் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாயுமாறு ஹிடேயோஷி பணித்தார். 1588-இல் ஹிகோ இரண்டாகப் பகுக்கப்பட்டது. வடபாதி 1,95,000 கோக்கு விளைவுடன் கியோமாசாவுக்கும், தென்பாதி கொனிஷி யுக்கினாகாவுக்கும் கிடைத்தன. கியோமாசாவுக்கு அப்பொழுது வயது 26. ஒருவர் நிச்சிரேன் என்னும் பௌத்தப் பிரிவில் உறுதியான பற்றுடையவர், மற்றவர் கிறிஸ்தவர். எல்லையை அடுத்திருந்த இருவரும் ஒருவரை ஒருவர் வெறுத்தனர். பின்னாளில் தென்பாதியும் தம் கைக்கு வந்தபொழுது கியோமாசா அங்கிருந்த கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒறுத்தார். அவர் புகழைப் பாடுவோர் இதனைச் சொல்லாது விடுவது முறையன்று.

1592-இல் ஹிடேயோஷி சீனத்தை வெல்லும் பேராசையால் கொரியாவின்மேற் படைவிடுத்தார். முதற் படைக்குக் கொனிஷியும் இரண்டாம் படைக்குக் கியோமாசாவும் தலைவர். இருவரும் யார் முன்னர்த் தலைநகர் புகுவது என்று போட்டியிட்டு விரைந்தனர். அதன்பின் கியோமாசா வடகிழக்கே சென்று, கொரிய அரசிளங்குமரர் இருவரைச் சிறைப்பிடித்து, துமன் ஆற்றையுங் கடந்து பகைப்புலத்தைத் தாக்கி மீண்டார். ஜப்பானியர் நெடுங்காலம் இதனை வீரச்செயலாக எழுதி வந்தனர். கொரிய மக்களுக்கோ அது எரிந்த ஊர்களும் பட்டினியும் அடிமைத்தனமுமே. 1597-இல் தொடங்கிய இரண்டாம் படையெடுப்பில் கொல்லப்பட்டோரின் மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு ஜப்பானுக்கு அனுப்பினர். அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோ நகரில் இன்றும் உளது.

அவ்விரண்டாம் படையெடுப்பில் நிகழ்ந்த ஒரு முற்றுகையே நம் கோட்டையின் கதைக்கு அடிப்படை. கொரியாவின் தென்கிழக்குக் கரையில் உல்சான் என்னும் இடத்தில் ஜப்பானியர் ஒரு கோட்டையை விரைந்து எழுப்பிக்கொண்டிருந்தனர். மதில் முற்றுப்பெறவில்லை, உணவு சேமிக்கவில்லை, நீருக்கு வழியில்லை. 1598-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிர்க் காலத்தில், சீனரும் கொரியரும் சேர்ந்த பெரும்படை வந்து வளைத்துக்கொண்டது. அப்பொழுது வேறோர் அரணில் இருந்த கியோமாசா செய்தி கேட்டவுடன் படகேறி வந்து, முற்றுகையிடப்பட்ட கோட்டையினுள் தாமே புகுந்தார். ஏறக்குறைய இரண்டு வாரம் உள்ளிருந்தோர் பட்ட பாட்டை அப்படையுடன் சென்றிருந்த கெய்னென் என்னும் பௌத்தத் துறவி நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். நீர் இன்மையால் இரவில் வெளியே ஊர்ந்து சென்று, பிணங்கள் மிதந்த குட்டை நீரை முகந்து பருகினர். குதிரைகளைக் கொன்று தின்றனர். அவையும் தீர்ந்தபின் தாளையும் சுவர்மண்ணையும் மென்றனர் என்பர். குளிரில் விறைத்து, சுவரிற் சாய்ந்தபடியே உயிர்விட்டோர் பலர். உதவிப்படை வந்து சேர்ந்தமையால் முற்றுகை நீங்கிற்று. அவ்வாண்டே ஹிடேயோஷி இறக்க, படைகள் தாயகம் மீண்டன.

கியோமாசா கொரியாவினின்று வெறுங்கையுடன் மீளவில்லை. சிறைப்பட்ட கொரியரும் கூட வந்தனர். குமமோட்டோ நகரில் உல்சான் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கோட்டைக் கூரையின் இறவாரத்தில் மழைநீர் சொட்டுமாறு முக்கோண நாக்குடன் அமைந்த ஓடுகள் பதிக்கப்பெற்றன. அவ்வமைப்புக் கொரிய நாட்டுக்கு உரியது. 

1600-இல் செக்கிகஹாரா வெளியில் டொக்குகாவா இயேயாசுவுக்கும் எதிர்க்கட்சியார்க்கும் நிகழ்ந்த பெரும்போர் ஜப்பானின் வருங்காலத்தை முடிவுசெய்தது. கொனிஷி எதிர்க்கட்சியிற் சேர்ந்து தோற்றார். தன்கொலை புரிதல் தம் சமயத்துக்கு மாறாதலின் அதற்கு இசையாமல் கியோட்டோவில் தலைவெட்டுண்டு மாண்டார். கியோமாசா அப்போர்க்களத்துக்குச் செல்லவில்லை. கியூஷூவில் இருந்தபடியே இயேயாசுவின் சார்பில் கொனிஷியின் ஊட்டோக் கோட்டையை முற்றுகையிட்டு வென்றார். அதற்குப் பரிசாக ஹிகோ நாட்டின் பெரும்பகுதி, ஏறக்குறைய 5,20,000 கோக்கு, இவருக்குக் கிடைத்தது. கொல்லன் மகன் பேரரசர்க்குரிய வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

குமமோட்டோவில் முன்னமே ஒரு பழங்கோட்டை இருந்தது. கியோமாசா அதனை அடுத்திருந்த சாவுசுயாமா என்னும் குன்றைத் தேர்ந்து புதியதைத் தொடங்கினார். 1601-இல் தொடங்கி 1607-இல் முடிந்தது என்பது வழக்கு. 1599-ஆம் ஆண்டு பொறித்த ஓடு ஒன்று அகழ்வில் கிடைத்தமையின், சில பகுதிகள் அதற்கு முன்னமே எழுந்திருத்தல் கூடும். 1607-இல் ஊர்ப்பெயரை எழுதும் எழுத்தையும் மாற்றினார். ஒலி மாறவில்லை, முன்பு ஆற்றின் வளைவைக் குறித்த எழுத்தின் இடத்தில், கரடியைக் குறிக்கும் எழுத்து வந்தது. எழுதிய பெயரும் பகைவரை அச்சுறுத்த வேண்டும் என்று கருதினார் போலும்!

ஜப்பானியக் கோட்டையில் கல்லாலாவது குன்றைத் தாங்கும் மதில் மட்டுமே. அதன்மேல் நிற்கும் மாடங்களும் கோபுரங்களும் மரத்தாலும் மண்சுவராலும் ஆனவை. ஆகவே காவலின் வலிமையெல்லாம் அடியிலுள்ள கல்மதிலிலேயே தங்கும். குமமோட்டோ மதிலின் அழகும் அச்சமும் அதன் வளைவில் உள்ளன. அடியில் சரிவு மெல்லியது. சிறுவனும் ஓடி ஏறலாம் என்று தோன்றும். ஏறத்தொடங்கினால் மேலே செல்லச்செல்லச் சரிவு செங்குத்தாகி, முடிவில் சுவர் தலைக்குமேல் கவிந்து வருவதுபோல நிற்கும். வீரரைத் திருப்பியனுப்புவது என்பது இவ்வகை மதிலுக்கு ஜப்பானியர் இட்ட பெயரின் பொருள்.

இவ்வளைவு பகைவரை ஏமாற்றுதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. பின்னாலுள்ள குன்றின் மண் மதிலை முன்னோக்கித் தள்ளுகிறது. அடி அகன்று சரிந்திருப்பின் அத்தள்ளுதலைத் தாங்கும். கற்களுக்கிடையே சுண்ணச்சாந்து இல்லை. முகப்புக் கற்களுக்குப் பின்னே சிறுகற்களைத் தடித்த அடுக்காக நிரப்பினர். மழைநீர் அவற்றினூடே வடிந்துபோம். நீர் தேங்கினால் மண் ஊறி மதிலைப் பிளக்கும் என்பதை அவர் நன்கறிவார். மூலைகளில் நீண்ட கற்களை ஒன்று இப்பக்கம், ஒன்று அப்பக்கம் எனத் தலைமாற்றி அடுக்கிப் பிணைத்தனர். ஓமி நாட்டு அனோ என்னும் ஊர்க் கல்தச்சர் இதில் வல்லவர். கியோமாசா அவர்களைத் தம்மிடம் வைத்துப் போற்றினார் என்பர். கோட்டையினுள் ஓரிடத்தில் இரண்டு மதில்கள் அருகருகே காணப்படும். மெல்லச் சரிந்து எழுவது கியோமாசா காலத்தது. அதனை ஒட்டி நெடுக நிமிர்ந்து நிற்பது பிற்பட்ட காலத்தது. கலை வளர்ந்த வழியை நூலின்றியே அங்கே கற்கலாம்.

கோட்டையின் சுற்றளவு 5 கிலோமீட்டருக்கு மேல். காவல்மாடங்கள் 49, மாடம் தாங்கிய வாயில்கள் 18, பிற வாயில்கள் 29 என்று எண்ணிவைத்துள்ளனர். வாயிலைக் கடந்தவர் நேரே உட்புக முடியாது; வழி திரும்பித் திரும்பிச் சென்று, ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைச் சுவர்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தும். நடுவே பெருங்கோபுரமும் அதனை ஒட்டிய சிறுகோபுரமும் உள. பெருங்கோபுரத்தின் கீழ்த்தளம் கல்லடித்தளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும். வடமேற்கில் ஐந்தடுக்கு உடைய ஊட்டோ மாடம் பிறவூர்களில் தலைக்கோபுரமாக விளங்கத்தக்க பெருமையது.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வன கிணறுகள். 120-க்கு மேற்பட்ட கிணறுகளைக் கியோமாசா தோண்டுவித்தார். உல்சானில் பிணம் மிதந்த நீரைப் பருகியவர் ஆதலின், இதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. சுவர்ப்பூச்சினுள் சுரைக்காய் வற்றலைப் பொதிந்தனர் என்றும், தரைப்பாய்களை வைக்கோலுக்கு மாறாகச் சேப்பந்தண்டின் உலர்ந்த நாரால் அடைத்தனர் என்றும், முற்றுகைக் காலத்தில் பாயையும் சுவரையும் உரித்துச் சமைக்கலாம் என்பது கருத்து என்றும் செவிவழிச் செய்தி உண்டு. கொட்டை உண்ணத்தகும் கிங்கோ மரத்தைக் கோபுரத்தின் முன் நட்டதும் இதற்கே என்பர். அம்மரத்தின் பெயராலும் இக்கோட்டையைச் சுட்டுவதுண்டு. வற்றற் கதையும் தண்டுக் கதையும் மெய்யோ பொய்யோ, சுவர்மண்ணைத் தின்றவர் உண்ணத்தக்க சுவரைக் கட்டினார் என்று மக்கள் நம்பினர். கிணறுகளோ கதையல்ல.

நீரைக் கையாளுதலில் இவருக்கிருந்த திறம் கோட்டையோடு நில்லவில்லை. ஷிராகாவா ஆற்றினின்று சுபோயி ஆற்றைப் பிரித்துக் கோட்டையின் அகழியாக ஓடவிட்டார். அவ்வாற்று நீர் ஆசோ மலையின் சாம்பலைச் சுமந்து வருவது. கால்வாய் வெட்டினால் சாம்பல் படிந்து விரைவில் தூர்ந்துபோம். பாறையை ஆழக் குடைந்து சென்ற ஒரு கால்வாயில், கியோமாசா காலத்தார் குறுக்கே கற்சுவர்களை இடையிடையே வெட்டாது விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளையிட்டனர். நீர் துளையில் நெருங்கிப் பாயும்பொழுது சுழித்தெழுந்து, படிந்த சாம்பலைக் கிளறித் தன்னோடு கொண்டுபோம். எருதின் மூக்குத்துளையை நினைந்து இதற்குப் பெயரிட்டுள்ளனர். எண்பதுக்கு அணித்தாக இருந்த இத்துளைச் சுவர்களுட் சில இன்னும் எஞ்சிப் பணிசெய்கின்றன. குமமோட்டோ உழவர் இவரைப் போற்றுவது வேலுக்காக அன்று; இந்நீருக்காகவே.

1610-இல் இயேயாசுவின் ஆணைப்படி நகோயாக் கோட்டையின் தலைக்கோபுரத்துக்குக் கல்லடித்தளம் அமைக்கும் பணி இவரை வந்தடைந்தது. தாம் பிறந்த ஊர்ப்புறத்தில், தம் பழந்தலைவர் குடியை ஒடுக்கவிருந்தவருக்காக, இவர் அப்பணியைச் செய்து முடித்தார். இவ்விரு பற்றும் இவர் உள்ளத்தை எவ்வாறு அலைத்தன என்பதை அடுத்த ஆண்டு நிகழ்ச்சி காட்டும். 1611-இல் கியோட்டோவின் நிஜோக் கோட்டையில் இயேயாசுவைக் காண ஹிடேயோஷியின் மகன் ஹிடேயோரி சென்றபொழுது, கியோமாசா அவ்விளைஞரின் அருகைவிட்டு அகலாது காத்து நின்றார். சந்திப்பு அமைதியாக முடிந்தது. ஊருக்கு மீளும் வழியில் கப்பலிலேயே நோயுற்று, சில வாரங்களில் குமமோட்டோவில் உயிர்நீத்தார். நஞ்சூட்டினர் என்று அன்றே பேச்செழுந்தது, சான்று இல்லை. கோட்டையின் அரண்மனையில் பொன்னோவியம் நிறைந்த ஓர் அறை, என்றேனும் ஹிடேயோரி அடைக்கலம் புகுந்தால் வீற்றிருப்பதற்கென்று அமைத்தது என்பர். 1615-இல் ஒசாக்காக் கோட்டை வீழ, ஹிடேயோரி அங்கேயே மாண்டார். அவ்வறைக்கு அவர் வரவேயில்லை.

1632-இல் கியோமாசாவின் மகன் தடாஹிரோவினிடமிருந்து டொக்குகாவா அரசு நாட்டைப் பறித்துக்கொண்டு அவரை வடநாட்டுக்குத் துரத்திற்று. புதிதாய் வந்த ஹொசோகாவா தடாதோஷி கோட்டை வாயிலில் தலைவணங்கியும், கியோமாசாவின் கல்லறை இருந்த திசைநோக்கித் தொழுதும் உட்புகுந்தார் என்று வழங்குவர். அவர் குடி 1871 வரை ஆண்டது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் அம்மதிலை எப்பகைவரும் தாக்கவில்லை.

1877-இல் தாக்கினர். சத்சுமா நாட்டுச் சைகோ தக்கமோரி புதிய அரசுக்கு மாறாகக் கிளர்ந்து, 13,000 அளவினரான சாமுராய்ப் படையுடன் வடக்கு நோக்கி வந்தார். கோட்டையினுள் தானி தடேக்கி என்பவரின் தலைமையில் இருந்தோர் ஏறத்தாழ 3,500 பேர். அவருட் பலர் உழவர் குடியினின்று புதிதாய்த் திரட்டப்பட்டவர். முற்றுகைக்கு மூன்று நாள் முன்னர், பிப்ரவரி 19-ஆம் நாள், பெருங்கோபுரமும் அரண்மனையும் தீப்பற்றி எரிந்தன. தீ எவ்வாறு எழுந்தது என்பது இன்றுவரை வழக்காகவே உளது. மரமெல்லாம் சாம்பலாயிற்று, கல் நின்றது. பீரங்கியும் துப்பாக்கியும் ஏந்திய படை, ஐம்பது நாளுக்கு மேல் முயன்றும் அம்மதிலுள் ஒருவரையேனும் புகுத்த இயலவில்லை. தம்மை வென்றது அரசின் படையன்று, கியோமாசாவே என்று சைகோ கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, போர்க்களத்தைக் கண்டோர் அவ்வாறே எண்ணியிருப்பர். உல்சானில் வெளியார்க்கெதிராகப் பசித்திருந்து கற்ற பாடம், 279 ஆண்டுகள் கழித்து, கியோமாசா கனவிலும் கருதாத ஓர் உள்நாட்டுப் போரிற் பயன்பட்டது.

1889-இல் ஒரு நிலநடுக்கம் மதிலைப் பல இடங்களிற் குலைத்தது. 1960-இல் கோபுரங்கள் இரண்டும் கான்கிரீட்டினால் மீண்டும் எழுந்தன. 2008-இல் அரண்மனையின் பெரும்பகுதி மரத்தாலேயே புதுப்பிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 16 ஆகிய இரு நாளிலும் முறையே 6.5, 7.3 அளவுடைய நிலநடுக்கங்கள் நகரை உலுக்கின. தீக்கும் பீரங்கிக்கும் தப்பி நின்ற 13 பழங்கட்டடங்களும் ஊறுபட்டன. மதிலின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சரிந்தது. பத்தில் மூன்று பங்கு சீர்செய்யவேண்டிய நிலையை அடைந்தது. ஈதாமாரு என்னும் ஐந்தடுக்கு மாடத்தின் அடித்தளம் இருபுறமும் இடிந்துவிழ, மூலையில் தலைமாற்றி அடுக்கிய கற்கள் மட்டும் ஒற்றைத் தூணாய் நின்று மாடத்தைத் தாங்கிய படத்தை உலகமே கண்டது. சரிந்த இடங்களை ஆராய்ந்தபொழுது, அவற்றுட் பெரும்பாலன 1889-இலும் சரிந்து பின்னர்ப் பழுதுபார்க்கப்பட்டவை என்று தெரியவந்தது.

பெருங்கோபுரம் 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஊட்டோ மாடத்தைப் பழுதுபார்க்கும்பொருட்டு மரம் மரமாகப் பிரித்தெடுத்தனர். சரிந்த கற்களைத் திரட்டி, எண்ணிட்டு, வெளியிற் பரப்பிவைத்து, பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கல்லும் மதிலில் எவ்விடத்தது என்று தேடி, அவ்விடத்திலேயே பொருத்தி வருகின்றனர். பணி முழுவதும் முற்றுப்பெற 2052-ஆம் ஆண்டு ஆகும் என்பது நகராட்சியார் இட்ட கணக்கு. கியோமாசா அம்மதிலைக் கட்டியது ஏழு ஆண்டுகளில்.